ஒட்டுச்சிறகு நாரை

ஏரி நடுவே நின்ற கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாகக் குடியிருந்தன. அந்தக் கூட்டத்தில் சிங்காரம் என்றொரு ஆண் நாரை இருந்தது. தன்னைப் போல் அழகன் ஈரேழு உலகத்திலும் இல்லை என்பது அதன் நினைப்பு. விடிந்ததும் மற்ற நாரைகள் நத்தை தேடிப் புறப்படும். சிங்காரமோ தண்ணீரில் தன் உருவத்தைப் பார்த்தபடி நிற்கும். ஒரு சிறகை விரிக்கும், மடக்கும். பிறகு மறு சிறகை விரிக்கும்.

"பலகை போல எவ்வளவு நேராக இருக்கிறது என் சிறகு!" என்று தானே சொல்லிக்கொள்ளும்.

"நூல் பிடித்து வைத்தது போல இருக்கிறது, அண்ணா!" என்று பக்கத்துக் கிளையிலிருந்து ஒத்து ஊதும் ஒரு நீர்க்காகம். அதன் பெயர் கட்டாரி. சிங்காரம் சேற்றைக் கலக்கும்போது துள்ளி ஓடும் மீன்களெல்லாம் கட்டாரிக்குத்தான். ஒத்து ஊதக் கேட்பானேன்!

அதே மரத்தில் மாசாணி என்ற பெண் நாரையும் இருந்தது. பிறவியிலேயே அதன் சிறகுகளின் நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது. அது பறந்து வந்தாலே சிங்காரத்துக்குச் சிரிப்பு தாங்காது.

"கொக்கி வருகிறாள், வழி விடுங்கள்! கிளையில் மாட்டிக்கொண்டு தொங்கப் போகிறாள்!"

"மாட்டினால் என் சிறகுதானே மாட்டும்? உனக்கு ஏன் வலிக்கிறது?" என்று கேட்டுவிட்டு மாசாணி தன் வேலையைப் பார்க்கும்.

அந்த ஆண்டு கோடை கொளுத்தியது. ஏரி குளமாகி, குளம் குட்டையாகிவிட்டது. நத்தைக்காக வெகுதூரத்து வயல்களுக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பும்போது எல்லா நாரைகளுக்கும் மூச்சு வாங்கியது. தின்றதெல்லாம் வழியிலேயே செரித்துவிட்டது. மாசாணி மட்டும் களைப்பே இல்லாமல் வந்து இறங்கியது. மற்றவை தின்றதில் பாதியைத்தான் அது தின்றிருந்தது!

"எப்படி மாசாணி?" என்று நாரைகள் சூழ்ந்துகொண்டன.

"காய்ந்த ஏரியின் மேல் தாழப் பறந்து, புழுதியைத் திரும்பிப் பாருங்கள்" என்றது மாசாணி. "உங்கள் சிறகு நுனியில் புழுதி பெரிய சுழலாகச் சுற்றுகிறது. சிறகுக்கு அடியில் இருக்கும் காற்று நுனி வழியாகச் சுருண்டு மேலே ஓடுகிறது. ஓடும்போது உங்களைப் பின்னால் இழுக்கிறது. என் நுனி வளைந்திருப்பதால் எனக்குச் சுழல் சிறியது, இழுப்பும் குறைவு. அவ்வளவுதான்!"

நாரைகள் பறந்து பார்த்தன. அது சொன்னது உண்மைதான்! உடனே ஈரக் களிமண்ணைக் கொண்டுவந்து, நுனி இறகுகளை விரலளவு வளைத்துப் பூசி வெயிலில் காயவைத்தன. மண் உதிர்ந்த பிறகும் வளைவு நின்றது. அதன்பின் யாருக்கும் மூச்சு வாங்கவில்லை.

இதையெல்லாம் சிங்காரம் ஏளனமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு நாள் இளம்பெண் நாரை ஒன்று, "இப்படி வளைந்திருப்பதும் தனி அழகுதான், இல்லையா?" என்று சொல்லிவிட்டது. சிங்காரத்துக்கு நெஞ்சில் முள் தைத்தது. அழகு என்ற சொல்லை இன்னொருவருக்குச் சொல்வதா! புழுதி புரியவைக்காததைப் பொறாமை புரியவைத்துவிட்டது. அதுவும் தப்பாக.

அன்றே அது காட்டுக்குள் போய், மயில்கள் உதிர்த்த நீள இறகுகளைப் பொறுக்கி வந்தது. கருவேலம் பிசினைத் தடவி, இரு சிறகு நுனியிலும் கொடிக்கம்பம் போல நிமிர்த்தி ஒட்டிக்கொண்டது.

"ஆகா! விரலளவு வளைவுக்கே பாதித் தீனி மிச்சம். இத்தனை நீளத்துக்கு?" என்று வாயைப் பிளந்தது கட்டாரி.

"தீனியே வேண்டாம்!" என்றது சிங்காரம். அது விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பியது!

குட்டையும் வற்றியது. மலைக்கு அப்பால் இருந்த பெரிய ஏரிக்குப் போவதென்று கூட்டம் முடிவு செய்தது. வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. புறப்படும் முன் எல்லா நாரைகளும் வயிறு நிறைய நத்தை தின்றன. சிங்காரம் மட்டும் ஒதுங்கி நின்று மயிற்கண்களை வெயிலில் மினுக்கிக்கொண்டிருந்தது.

மாசாணிக்கு மனம் கேட்கவில்லை. "சிங்காரம், எதற்கும் ஓர் அளவு உண்டு. அந்தப் பாரமே உன்னை இழுக்கும். கணவாயில் குறுக்குக் காற்று அறையும். அதைப் பிய்த்துப் போடு. வயிறு நிறையவாவது தின்றுவிட்டு வா!"

"என் அழகைப் பார்த்து வயிறு எரிகிறதா, கொக்கி?"

கூட்டம் கிளம்பியது; கட்டாரியும் கூடவே பறந்தது.

மலையடிவாரம் போவதற்குள்ளேயே சிங்காரத்துக்குத் தோள் விண்ணென்று வலித்தது. பசி குடலைப் பிடுங்கியது. யாராவது பார்க்கிறார்களா என்றுதான் அப்போதும் அதன் கவலை! கணவாய்க்குள் நுழைந்ததும் காற்று மயிலிறகைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளியது. அங்கே மேகம் கவிந்திருந்தது. அந்த ஈரத்தில் பிசின் இளகியது. ஒரு பக்கத்து இறகு கழன்று பறந்தது, மறுபக்கத்தது அப்படியே நின்றது. சிங்காரம் பம்பரம் போலச் சுழன்றது.

"கட்டாரி! காப்பாற்று!"

"இது சரிவராது என்று எனக்கு அப்போதே தெரியும், அண்ணா!" என்று சொல்லிக்கொண்டே நீர்க்காகம் கூட்டத்தோடு முன்னால் போய்விட்டது.

சிங்காரம் சப்பாத்திக் கள்ளிப் புதரில் தலைகீழாக விழுந்தது. மிச்சமிருந்த மயிலிறகை ஆத்திரத்தோடு பிடுங்கியபோது, பிசினோடு சேர்ந்து அதன் சொந்த இறகுகளும் கொத்தாக வந்துவிட்டன. இனி அவை முளைக்கும்வரை பறக்க முடியாது. வேறு வழியில்லாமல் நடந்தது.

மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு ஒன்று நிமிர்ந்து பார்த்தது. "நாரையாரே, சிறகிருந்தும் நடப்பானேன்?"

"காலுக்கு... பயிற்சி கொடுக்கிறேன்!"

வெள்ளாடு தழை மெல்வதை நிறுத்திவிட்டுச் சிரித்தது.

பாறையில் கால் தேய்ந்து, எலும்பும் தோலுமாகச் சிங்காரம் பெரிய ஏரிக்கு வந்து சேர்ந்தபோது மற்ற நாரைகள் கூடு கட்டி முட்டையும் இட்டிருந்தன. அத்தனை கண்களும் அதன் மொட்டைச் சிறகின் மேல் விழுந்தன. சிங்காரம் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நாட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு மெதுவாக வரலாம் என்றுதான்..."

மாசாணி ஒரு நத்தையைக் கொத்தி அதன் காலடியில் போட்டது.

"முதலில் தின்னு. பொய்யை அப்புறம் சொல்லலாம்."

பயனை அறியாமல் பகட்டுக்காகப் பிறரைப் பார்த்துப் போடும் வேடம், போட்டவரையே கீழே தள்ளும்.