பலாப்பழமும் வாலாட்டியின் கணக்கும்

மலைச்சரிவின் அடியில், ஓடைக்கரைக் கற்களுக்கு நடுவே ஒரு வாலாட்டிக் குருவி கூடு கட்டியிருந்தது. கூட்டில் கண் திறக்காத மூன்று குஞ்சுகள்.

சரிவின் உச்சியில் ஒரு பலாமரம். அதன் கீழே ஒரு கரடி. உடம்பு வணங்காத கரடி! பழத்தை ஒருநாளும் சுமக்காது. உருட்டித்தான் விடும். அந்தப் பழம் உருளும் வழியில்தான் கூடு இருந்தது; இதுவரை உருண்டவை கூட்டை மயிரிழையில் விலகிப் போயிருந்தன.

அன்று கரடி ஒரு பெரிய பழத்தைப் பறிப்பதைக் கண்டதும் குருவி பதறிக்கொண்டு மேலே பறந்தது.

"அண்ணே, இனிமே சுமந்துட்டுப் போங்க! என் பிள்ளைங்க நசுங்கிடும்!"

"எதுக்கு இந்தக் கூப்பாடு? நான் முன்னால போய் உன் கூட்டுக்கிட்டயே பழத்தைப் பிடிச்சுக்குவேன். உன் வால் ஒரு தரம் ஆடுறதுக்குள்ள அது ஒரு முழந்தான் உருளுது. நான் சும்மா நடந்தாலே அஞ்சு முழம்!"

"முதல் ஆட்டத்துக்குத்தான் ஒரு முழம், அண்ணே. அடுத்ததுக்கு மூணு. அப்புறம் அஞ்சு, ஏழு. ஆட்டத்துக்கு ஆட்டம் ரெண்டு முழம் கூடுது. கீழே இருக்கிற நூறு முழமும் பத்தே ஆட்டத்துல முடிஞ்சிடும்!"

குருவி சும்மா சொல்லவில்லை. அதன் வால் நாள் முழுக்க ஒரே சீராக ஆடும். உருண்ட பழங்களையெல்லாம் அதை வைத்தே அளந்திருந்தது.

"வாலாட்டுற நீ எனக்குக் கணக்குச் சொல்றியா!" கரடி வயிறு குலுங்கச் சிரித்தது.

சொல்புத்தியும் கிடையாது, சுயபுத்தியும் கிடையாது. இதனிடம் வாதாடி என்ன பயன்? குருவி யோசித்தது.

"சரி அண்ணே. முதல்ல இதே மாதிரி நூறு முழம் இருக்கிற அந்தப் பக்கத்துச் சரிவுல உருட்டிக் காட்டுங்க. அடியில என் கூட்டுக்குப் பதிலா உங்க தேனடையை வைங்க!"

"வச்சாப் போச்சு!"

கரடி ஆசையாகச் சேர்த்த தேனடையைக் கீழே வைத்துவிட்டு மேலே வந்தது. பழத்தைத் தள்ளியது. தானும் ஒய்யாரமாக நடந்தது.

குருவியின் வால் ஒரு தரம் ஆடியது. பழம் ஒரு முழம், கரடி ஐந்து முழம்.

"பாத்தியா!" என்றது கரடி.

மூன்றாவது ஆட்டம். பழம் ஒன்பது, கரடி பதினைந்து. கரடி ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தது.

ஐந்தாவது ஆட்டத்தில் பழம் பக்கத்தில் வந்தது. ஆறாவதில் ஆறு முழம் முந்திவிட்டது!

"ஏய், நில்லு! நில்லு!" கரடி தலைதெறிக்க ஓடியது.

பத்தாவது ஆட்டத்தில், 'சளக்!' தேனடை கூழானது. கரடியோ இன்னும் முப்பது முழம் மேலே மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

இறங்கி வந்து, மண்ணில் வழிந்த தேனைப் பார்த்தது. பிறகு ஓடைக்கரைக்குப் போய்க் கூட்டை எட்டிப் பார்த்தது. குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின.

"தேனடையோட போச்சு. இதுங்களா இருந்திருந்தா?" என்றது கரடி.

மறுநாள் முதல் கரடி முனகிக்கொண்டே பலாப்பழத்தைத் தோளில் சுமந்து இறங்கியது.

தொடக்க வேகத்தை மட்டும் பார்த்து எதையும் எடைபோடாதே. அது எப்படிக் கூடுகிறது என்பதையும் பார்.