துறையில் நின்ற முப்பது குதிரைகள்

பதில் தெரிந்தும் வாயைத் திறக்காதவர்களின் தலை சுக்குநூறாகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது. ஏதாவது ஒரு சபையில் அவர்களுக்கு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். உவர்க்கரைப் பட்டினத்துச் சபை அப்படிப்பட்ட ஒன்பது பேரால் நிரம்பியிருந்தது.

உவர்க்கரையில் விளைந்த உப்பை மலைநாட்டுக்குச் சுமந்தவை குதிரைகள். பத்துப் பன்னிரண்டு வருடம் பொதி சுமந்து, முதுகு வளைந்து, பல் தேய்ந்ததும் அவற்றைப் படகேற்றி அக்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். அக்கரையில் வெட்டுக்களம் இருந்தது. தோல் செருப்பாகும், இறைச்சி வேட்டை நாய்களுக்குப் போகும்.

அந்த ஊரில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவள் அரங்கி. குளம்பில் சீழ் வைத்துப் படுத்துவிட்ட பெண் குதிரை ஒன்றை அவள் ஒரு மாதம் வேப்பெண்ணெயும் மஞ்சளுமாகக் கட்டுப் போட்டு எழுப்பி நடக்க வைத்தாள். உடையவன் வந்து பார்த்தான். "நல்ல வேலை செய்தாய். படகு வரைக்கும் நடக்காதோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்" என்றான். அவள் ஆற்றிய காலாலேயே அது நடந்துபோய்ப் படகில் ஏறியது.

மறுநாளிலிருந்து அரங்கி சபை கூடும்போதெல்லாம் வாசலில் போய் நின்றாள். "உழைத்துக் கிழடான குதிரையை வெட்டக்கூடாது என்று ஒரு வரி எழுதுங்கள், ஐயா" என்று மூன்று வருடம் கேட்டாள். அவர்கள் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்தபடியாகக் கொசுவுக்கும் சட்டம் கேட்பாயோ?" என்றார் ஒருவர்.

"குதிரை உங்கள் உப்பைச் சுமந்தது, ஐயா. கொசு ரத்தத்தைக் குடித்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா சட்டம் எழுதுகிறீர்கள்?"

ஒரு மாதம் அவளை வாசலுக்கே வரவிடவில்லை. பிறகும் வந்தாள், கும்பிட்டாள். மரியாதையால் அல்ல, எழுத்தாணி அவர்கள் கையில் இருந்ததால். கும்பிடும்போதே ஒவ்வொருவருக்கும் மனத்துக்குள் ஒரு குதிரை நோயின் பெயரை வைத்தாள். இவர் வயிற்றுப்பொருமல், அவர் வாய்நுரை, மூலையில் தூங்குபவர் குடல்புழு.

நாலாம் வருடம் வாய்நுரை எழுந்தார். அவர் பெயர் வில்லவராயர். உப்பு வாங்கும் மலைநாட்டு மன்னர் குதிரைப் பிரியர் என்று அவர் காதில் அப்போதுதான் விழுந்திருந்தது. வாயில்லா ஜீவன்களுக்காக ஒரு நாழிகை பேசினார். அங்கவஸ்திரம் நனைய அழுதார். எதிர்த்துப் பேசியவர் துறைக்குப் பொறுப்பான மழவரையர் ஒருவர்தான். "தீனிக்கு வழி சொல்லாத சட்டம் இது. பட்டினி போட்டுக் கொல்வதைவிட வெட்டு மேல்" என்றார். அரங்கி அவரை மனதார வெறுத்தாள்.

நான்கு பேர் வேண்டும் என்றார்கள், நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். மிஞ்சியவர் பஞ்சநதியார். "கிழக் குதிரைகள் என் தரிசில் நிற்கட்டும். புல்லும் நானே போடுகிறேன். எரு முழுவதும் என் வாழைத்தோட்டத்துக்கு வர வேண்டும்" என்று சொல்லிக் கையைத் தூக்கினார். சட்டம் நிறைவேறியது.

"எட்டு நாள் கழித்து நடப்புக்கு வரட்டும். ஊருக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் வில்லவராயர். அந்த எட்டு நாளும் படகுகள் ஓயவில்லை.

ஒன்பதாம் நாள் காலை முப்பது குதிரைகள் துறையில் வந்து நின்றன. தொடையில் வில்லவராயர் வீட்டுச் சங்கு முத்திரை. அரங்கி மூச்சிரைக்க ஓடி வந்தபோது, வாயில்லா ஜீவன்களுக்காக அழுதவரே அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"வழியில் மழை, ஒரு நாள் தாமதமாகிவிட்டது. நீர் வேண்டாம் என்ற சட்டம்தானே, மழவரையரே? கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும். தை பிறந்தால் நாம் சம்பந்திகள்."

"வேண்டாம் என்றுதான் சொன்னேன். வேண்டும் என்று எழுதியது நீங்கள். படகு போகாது" என்றார் மழவரையர். ஆட்களை விட்டுத் துடுப்புகளை எல்லாம் கழற்றித் தன் வீட்டில் கொண்டுபோய் அடுக்கிவிட்டார்.

உச்சிப் பொழுதுக்குள் கல்யாணம் முறிந்தது. மழவரையரின் மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. முப்பது குதிரைகளும் பஞ்சநதியாரின் தரிசுக்குப் போயின. அவர் வாக்குத் தவறாமல் புல் போட்டார். வாழை ஆளுயரத்துக்கு மேல் தழைத்தது.

குதிரைகளைக் காத்தவருக்குப் 'பரிகாவலர்' என்ற பட்டமும் ஒரு பட்டுச் சால்வையும் தருவதென்று சபை முடிவு செய்தது. தன்னைத்தானே பாராட்டிக்கொள்ள அது ஒருநாளும் தாமதித்ததில்லை.

"நான் எழுந்து பேசாவிட்டால் சட்டம் ஏது?" என்றார் வில்லவராயர், கொஞ்சமும் கூசாமல்.

"நான் கை தூக்காவிட்டால் உம்முடைய பேச்சு காற்றோடு போயிருக்கும். இன்றைக்கும் அவை தின்பது என் புல்" என்றார் பஞ்சநதியார்.

படகுக்காரர்கள் மழவரையரின் பெயரைச் சொன்னார்கள். "வெட்டு மேல் என்றவருக்கா?" என்று சபை சிரித்தது. பழி தங்கள்மேல் வராமலிருக்க, பட்டுச் சால்வையை அரங்கியின் கையில் திணித்து, "நீயே போர்த்து" என்று ஒதுங்கிக்கொண்டது.

சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஒருவர். அதை நிறைவேற்றித் தீனியும் போட்டவர் ஒருவர். அதை எதிர்த்துவிட்டு, வந்தபின் காத்தவர் ஒருவர். கதை கேட்டவர்களே, பட்டு இவர்களில் யார் தோளுக்கு உரியது?

அரங்கி அதை மழவரையருக்குப் போர்த்தினாள். வில்லவராயர் கொடுத்தது பேச்சு. அதிலும் எட்டு நாள் ஓட்டை ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். பஞ்சநதியார் செய்தது நேர்மையான வியாபாரம். புல்லுக்கு எரு வந்துவிட்டது, அதற்குமேல் பட்டு எதற்கு? தனக்குப் பிடிக்காத சட்டத்துக்காக, தன் வீட்டுக் கல்யாணத்தையே இழந்து, எதுவும் பெறாமல் நின்றவர் மழவரையர் ஒருவரே. அவரோ முகத்தைச் சுளித்தார். "நாளைக்கே மறுபடி கேட்டாலும் இந்தச் சட்டம் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அம்மா." அரங்கி சொன்னாள்: "தாராளமாகச் சொல்லுங்கள், ஐயா. சொல்லிவிட்டுத் துறைக்கு வந்து நில்லுங்கள்."