அத்தானுக்கு மச்சினன், மச்சினனுக்கு அத்தான்

கோணக்குளத்துக்காரர்களுக்கு அறிவு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே உண்டு. எடுத்துச் செலவழித்தால் தீர்ந்துபோகுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலிலும் அந்த ஊரிலிருந்து இரண்டு பேர் நிற்பார்கள். ஓட்டு இரண்டாகப் பிரியும். பக்கத்து ஊர்க்காரர் மாலையும் கழுத்துமாக ஜீப்பில் போவார். இந்தத் தடவை அப்படி விடக்கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்தது. முதலில் நமக்குள்ளேயே ஒரு தேர்தல் வைப்போம், அதில் ஜெயித்தவர் மட்டும் போய் வேட்புமனு கொடுக்கட்டும் என்றார்கள்.

அந்த உள்ளூர்த் தேர்தலில் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஆவுடையப்பன். இன்னொருவர் அவர் பெண்டாட்டியின் தம்பி குத்தாலிங்கம்.

ஆவுடையப்பனுக்குப் பதவி ஆசை என்று சொல்லிவிட முடியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமியார் ஆறுமுகத்தம்மாள் அவரை ஒருநாளும் 'மருமகனே' என்று கூப்பிட்டதில்லை. "அந்த ஆளு சாப்பிட்டாச்சா?" என்று அவரை எதிரில் வைத்துக்கொண்டே மகளிடம் கேட்பாள். தலைவராகிவிட்டால் 'தலைவரே' என்றாவது கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்! அதை நினைத்தாலே மனிதருக்கு உடம்பு சிலிர்த்தது.

டவுனில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்த சம்பந்தம் பல தேர்தல் பார்த்தவர். ஆவுடையப்பன் அவரிடம் யோசனை கேட்கப் போனார்.

"முதல்ல ஆளைச் சேரும் அண்ணாச்சி. ஊர்ல ஒருத்தர் விடாம பொறுப்புக் கொடும். அனுபவம் உள்ளவனுக்குப் பெரிய பொறுப்பு. பொறுப்பு வாங்குனவன் எதிராளியோட குறையை வீடு வீடாப் போய்ச் சொல்லணும். அம்புட்டுதான் தேர்தல்" என்றார் சம்பந்தம்.

ஆவுடையப்பன் அன்றைக்கே வேலையில் இறங்கினார். பந்தல் போட ஒருவர், பந்தலுக்கு அடியில் நிற்க ஒருவர், தண்ணீர் கொடுக்க ஒருவர், தாகமெடுக்க ஒருவர். கைதட்டலைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு மாடக்கண்ணுவுக்கு. கடைசியில் ஊரில் பொறுப்பில்லாமல் மிச்சமிருந்தது குத்தாலிங்கம் மட்டும்தான்.

"அவரு எதிராளியாச்சே" என்று இழுத்தார் மாடக்கண்ணு.

"எதிராளின்னா ஊர்க்காரன் இல்லையாவே?"

"ஊர்க்காரருதான்."

"ஒருத்தர் விடாமன்னு சம்பந்தம் சொல்லியிருக்காரே. விட்டா நாளைக்கு அவரு முகத்துல எப்படி முழிக்க?"

மாடக்கண்ணு வெகுநேரம் யோசித்தார். "சரி, என்ன பொறுப்புக் கொடுக்க?"

"தேர்தல் வேலை பார்த்த அனுபவம் யாருக்கு இருக்கு?"

"இப்போதைக்கு ஊர்லயே உமக்கும் அவருக்கும்தான்."

"அப்போ அவன்தான் நம்ம பிரசாரத் தலைவன்!"

இரண்டு பேரும் புறப்பட்டுப் போனால், குத்தாலிங்கம் பாதி வழியிலேயே எதிரே வந்தார். அவரும் சம்பந்தத்திடம் யோசனை கேட்டுத் திரும்பியவர்தான்.

"அத்தான், உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன். என் பிரசாரத் தலைவர் நீங்கதான். மாட்டேன்னு சொல்லிடாதீங்க!"

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவர் தலையில் ஒருவர் கைவைத்து, கொடுத்த வேலைக்குத் துரோகம் நினைப்பதில்லை என்று நடுத்தெருவில் சத்தியம் செய்துகொண்டார்கள். காலையில் அத்தானுக்காக மச்சினன் ஓட்டுக் கேட்பது, சாயங்காலம் மச்சினனுக்காக அத்தான் கேட்பது என்று ஏற்பாடாயிற்று. ஊர்க்காரர்கள் இரண்டு வேளையும் வேலை பார்த்தார்கள்.

முதல் கூட்டத்தில், ஆவுடையப்பன் வாயைத் திறந்ததும் தட்டத் தொடங்கி அவர் முடிக்கும்வரை நிறுத்தக்கூடாது என்று மாடக்கண்ணுவிடம் சொல்லியிருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை. ஆவுடையப்பன் என்ன பேசினார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அருமையான பேச்சு என்று எல்லோரும் சொன்னார்கள்.

சாயங்காலமானால் ஆவுடையப்பன் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"அந்த ஆவுடையப்பனை மட்டும் நம்பிராதீங்க தாயி! கோயில் கொடை விழாவுக்கு வந்த வாழைத்தார்ல ஒரு சீப்பைப் பிச்சு வேட்டிக்குள்ள ஒளிச்சவன்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் கூடவே இருந்தேனே!"

இதைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும்? ஊரே வாயில் கைவைத்தது.

குத்தாலிங்கத்துக்கு இந்தத் திறமை போதவில்லை. "குத்தாலிங்கம் மோசமான ஆளுதான்" என்று தொடங்குவார். "ஆனா பாவம், மனசு தங்கம்" என்று முடித்துவிடுவார். ஆவுடையப்பன் கூப்பிட்டுக் கண்டித்தார்.

"இப்படி வேலை பார்த்தா என் ஓட்டு என்னத்துக்கு ஆகும்? உன்னைப் பத்தி நாலு வார்த்தை அசிங்கமாச் சொல்ல உனக்கு வாய் வரலையா?"

"தப்புதான் அத்தான். நாளைக்கு என்னைக் கிழிச்சுடுதேன்."

ஓட்டு நாள் வந்தது. ஆளுக்கொரு பானை வைத்து, புளியங்கொட்டை போடச் சொன்னார்கள். குத்தாலிங்கத்தின் பானைதான் நிறைந்தது. ஆவுடையப்பன் போட்ட கொட்டையும் அதற்குள்தான் கிடந்தது. அத்தனை குறையுள்ள ஆளுக்கு ஓட்டுப் போட அவருக்கே மனசு வரவில்லை.

வெடி வெடித்தது. ஆவுடையப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆறுமுகத்தம்மாள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"மருமகனே! என் பிள்ளையை ஜெயிக்க வச்சுட்டீகளே மருமகனே!"

ஆவுடையப்பன் நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதார். அவ்வளவு சந்தோஷம்.

"நீங்க தோத்துட்டீங்களே" என்று மெதுவாக நினைவுபடுத்தினாள் மனைவி கோமு.

"தோத்தவனைப் பத்தி இப்ப என்ன பேச்சு? அவன் கிடக்கான்!"

ஜெயித்த குத்தாலிங்கமோ பக்கத்திலேயே வாய்க்கால் பாலத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிரசாரத் தலைவராக இருந்தும் அத்தானைத் தோற்கவிட்டோமே என்று அவருக்கு ஆறவில்லை. திடீரென்று எழுந்து கத்தினார்.

"இதுல ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கு! அந்தக் குத்தாலிங்கம் கள்ள ஓட்டுப் போட்டிருக்கான்!"

ஆவுடையப்பனுக்கு ரத்தம் கொதித்தது. "எங்க வேட்பாளரைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினே, நடக்கதே வேற!"

"அவனுக்கு நீங்க வக்காலத்தா? அத்தான்னு பார்க்கேன்!"

ஊரார் நடுவில் விழுந்து விலக்கினார்கள்.

மனு கொடுக்க மறுநாள்தான் கடைசி நாள். மூன்று மணிக்குள் கொடுத்தாக வேண்டும். ஆவுடையப்பன் மனுவைப் பூர்த்தி செய்து, மாலையும் வாங்கிக்கொண்டு ஒன்றிய அலுவலகத்தில் போய் நின்றார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் ஒரே கூச்சல். "குத்தாலிங்கம் ஒழிக! கள்ள ஓட்டுக்காரன் மனுவை வாங்காதே!" கையில் கறுப்புத் துணி கட்டிய ஒருவர் முன்னால் நின்று முழங்க, கோணக்குளமே பின்னால் நின்று முழங்கியது.

"வேட்பாளர் எங்கேய்யா? மணியாகுது. அவர் நேர்ல வந்து உறுதிமொழி எடுக்கணும்" என்றார் அதிகாரி.

ஆவுடையப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பணிவாகக் குனிந்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க சார். வாசல்ல முன்னால நின்னு கத்துதாரே, அவருதான் வேட்பாளர். ஒழிச்சு முடிச்சதும் உள்ள வந்துருவாரு."