இருநூற்று மூன்றாவது கிளைசின்

"மேடம், யாரையும் தொடாம ஓரமா நிக்கிற ஒருத்தனை எடுத்துட்டு, அந்த இடத்துல வேற ஒருத்தனை வச்சா ஒண்ணும் கெட்டுப்போகாதுல்லா?"

வேதமுத்து கேட்டது மனிதர்களைப் பற்றி அல்ல, புரதத்தைப் பற்றி.

மெஹருன்னிசா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர்தான் வழிகாட்டி. வயது முப்பத்தேழு. மாணவர் வேதமுத்துவுக்கோ நாற்பத்தாறு. ஊரில் ஒரு கல்லூரியில் இருபது வருடம் விலங்கியல் பாடம் நடத்திவிட்டு, இந்த வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறி இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர். ஆசிரியர் மாணவரை 'சார்' என்பார். மாணவர் ஆசிரியரை 'மேடம்' என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை.

"தொடலைன்னு யார் சொன்னது?"

"என் புரோகிராம்."

"அது எதைப் பார்த்துச் சொல்லுச்சு?"

"கையைப் பார்த்து, மேடம். எல்லாரும் பாக்கிற மாதிரிதான்."

புரதம் என்பது மணி கோத்த மாலை. ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். மாலை சுருண்டு மடங்கும்போது, எங்கோ தள்ளிக் கிடந்த மணிகள் பக்கத்தில் வந்து உரசிக்கொள்ளும். யார் யாரோடு உரசுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வேதமுத்துவின் ஆய்வு. மணிகளிலிருந்து சின்னதாக ஒரு கிளை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆய்வுக்கூடத்தில் அதைக் கை என்பார்கள். இருவரின் கைகளும் முளைக்கிற இடங்களுக்கு நடுவே எட்டு ஆங்ஸ்ட்ராம் என்ற நுண்ணிய தூரத்துக்குள் இருந்தால் தொடுகிறார்கள் என்று கொள்வார்கள். அவ்வளவுதான் விஷயம்.

வேதமுத்து ஒரு தாளை நீட்டினார். இருநூற்று மூன்றாவது மணி. பெயர் கிளைசின். அதைத் தொடுகிறவர்கள் பூஜ்யம்.

"நல்லதுதானே சார்? அப்புறம் என்ன?"

வேதமுத்து தாளை மேசையில் வைத்தார்.

"பூஜ்யம் வந்த பிறகும் பயம் போக மாட்டேங்குது மேடம். அதை எப்படிப் போக்கறதுன்னுதான் கேக்க வந்தேன்."

"இது யாரோட புரதம்?"

"ஒருத்தரோடது. தெரிஞ்சவரு."

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். காது சிவந்துவிட்டது.

அந்தத் தெரிந்தவர் அவரேதான். மூன்று வாரத்துக்கு முன்னால் பரிசோதனை நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. அதற்கும் முன்னால், தம்பி தானியேல், முப்பத்தொன்பது வயது, கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். பிடித்தும் விட்டான். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தவன், இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. நடத்துநர் தோளைத் தட்டியபோது உடம்பு சரிந்தது. அதன்பிறகுதான் மருத்துவர் அண்ணனின் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னார்.

கடிதம் சொன்னது இது. இதயத் தசையில் உள்ள ஒரு புரதத்தில், இருநூற்று மூன்றாவது இடத்தில், கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் உங்களுக்கு ஆர்ஜினின் என்ற வேறோர் அமினோ அமிலம் இருக்கிறது. விளைவு உறுதியாகத் தெரியவில்லை. உடனே இதய மருத்துவரைப் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.

வேதமுத்து இதய மருத்துவரைப் பார்க்கவில்லை. மனைவி ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தன் புரோகிராமிடம் போய்க் கேட்டார். நமக்கு வேண்டியவரிடம் கேட்டால் வேண்டிய பதில் வரும் அல்லவா, வந்தது. யாரையும் தொடாத மணி மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன!

அந்தப் பூஜ்யத்தை நம்பி நேற்று ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார். பிளஸ் டூ படிக்கும் மகள் ஜெமிமா மாவட்டப் போட்டியில் நானூறு மீட்டர் ஓடுவதற்கு அப்பாவின் சம்மதம். இன்று சாயங்காலம் நாலு மணிக்கு.

மெஹருன்னிசா கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒண்ணாகப் போகுது. கேன்டீனுக்குப் போங்க சார்."

"பசிக்கலை மேடம்."

"சாப்பிடச் சொல்லலை. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு டோக்கன் கவுன்ட்டர் கிட்ட நில்லுங்க. பத்து நிமிஷம். யாரையும் நீங்க தொடக்கூடாது. எத்தனை பேர் உங்களைத் தொட்டாங்கன்னு வந்து சொல்லுங்க."

வேறு நாளாக இருந்தால் வேதமுத்து சிரித்திருப்பார். இன்று பயத்தில் புத்தி எதையும் எதிர்த்துக் கேட்கவில்லை. போனார்.

ஒரு மணிக்கு அந்தக் கேன்டீனில் தயிர்சாதம் வாங்குவதற்கு ஒரு தைரியம் வேண்டும். பையன்கள் பையாலும் முழங்கையாலும் இடித்தார்கள். ஒரு பெண்ணின் டிபன் பாக்ஸ் விலாவில் குத்தியது. யாரோ பின்னாலிருந்து முதுகில் முழுப்பாரத்தையும் சாய்த்து, "சார், கொஞ்சம் நகருங்க" என்றான். நகர எங்கே இடம்?

திரும்பி வந்தபோது சட்டை கசங்கியிருந்தது.

"பதினொரு பேரு மேடம். அதுக்கு மேல எண்ண முடியலை."

"நீங்க யாரையாவது தொட்டீங்களா?"

"இல்லையே. கையைத்தான் கட்டியிருந்தேனே."

"கை இல்லாதவரை எப்படி சார் பதினொரு பேர் தொட முடியும்?"

இதைக் கேட்டுவிட்டு மெஹருன்னிசா தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

வேதமுத்து அப்படியே நின்றார்.

இருபது அமினோ அமிலங்களில் கையே இல்லாதது ஒன்று உண்டு. கிளைசின். இருபது வருடமாக வகுப்பில் அதைத்தான் சொல்லி வருகிறார். பரீட்சையில் ஒரு மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டிருக்கிறார்.

ஓடிப்போய்க் கணினியைத் திறந்தார். புரோகிராமின் நடுவில், தன் கையாலேயே எழுதிய ஒரு வரி. கை கிடைக்காவிட்டால், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. ஆரம்பத்தில் புரோகிராம் அங்கே வந்து வந்து நின்று தொல்லை கொடுத்தது. தொல்லை தீரட்டும் என்று எழுதிய வரி.

"மேடம்."

"சொல்லுங்க."

"இந்தப் புரதத்துல கிளைசின் மொத்தம் முப்பத்தேழு."

"எல்லாத்துக்கும் என்ன வந்திருக்கு?"

"பூஜ்யம். முப்பத்தேழுக்கும் பூஜ்யம். நான் ஒரே ஒரு வரிசையைத்தான் பார்த்தேன் மேடம். மத்ததைப் பாக்கலை."

"ஏன் பாக்கலை?"

வேதமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கையை விட்டுடுங்க. எல்லா அணுவிலிருந்தும் அளங்க."

அந்த வரியை அழித்து, எல்லா அணுவையும் அளக்கும்படி புரோகிராமை மாற்றி எழுதி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புரோகிராம் ஓடி முடிக்க நாற்பது வினாடி. அந்த நாற்பது வினாடியில், தானியேல் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டே இருந்தான்.

இருநூற்று மூன்று. தொடுகிறவர்கள் ஒன்பது பேர்.

கை இல்லாத அந்தச் சின்ன மணியைச் சுற்றி, பெரிய பெரிய மணிகள் இடைவெளியே இல்லாமல் நெருங்கி நின்றன. அது சிறிதாக இருந்ததால்தான் அத்தனை பேரும் அங்கே சாய முடிந்தது. அந்த இடத்தில் ஆர்ஜினினை வைத்தால்? ஆர்ஜினினுக்கு ஆக நீளமான கைகளில் ஒன்று. அதை நீட்ட அங்கே இடம் ஏது?

"எனக்குத்தான் மேடம்," என்றார் வேதமுத்து. "தெரிஞ்சவரு இல்லை. நான்தான்."

நான்காக மடித்த கடிதத்தை மேசையில் வைத்தார்.

மெஹருன்னிசா படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு முகம் அவருக்கு வந்தது. அவருக்கும் பயம்.

"நான் செத்துருவேனா மேடம்?"

"நான் அந்த டாக்டர் இல்லை சார். இந்தக் கணக்கும் உங்க இதயத்தைப் பார்க்கலை. உங்க பூஜ்யம் தப்புன்னு மட்டும்தான் இது சொல்லுது. மிச்சத்தை அவங்ககிட்டதான் கேக்கணும்." கடிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார். "பிள்ளைங்கன்னு போட்டிருக்கே. எத்தனை?"

"ஒண்ணு. ஜெமிமா."

"எங்க இருக்கா?"

சுவரில் மணி மூன்றரை.

வேதமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். போனை எடுத்தார். ஜெமிமாவின் போன் அடித்து ஓய்ந்தது. பி.டி. டீச்சருக்கு அடித்தார். அங்கே ஒலிபெருக்கியில் யாரோ பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், ஜெமிமா கிட்ட குடுங்க. உடனே. கால்ல விழுந்து கேக்கேன்."

மூச்சு வாங்கிக்கொண்டு மகள் வந்தாள்.

"அப்பா! வார்ம்-அப்ல இருக்கேன். எனக்கு மூணாவது லேன்."

"நீ ஓட வேண்டாம்."

"என்னது?"

"ஓடாத ஜெமி. இருந்த இடத்துல உக்காரு. ஒரு அடி எடுத்து வைக்காத."

"ஏன்ப்பா? ஆறு மாசமா ஓடுதேன்! நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"தப்பாப் போட்டுட்டேன். அப்பாவுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. மூணு வாரமா மறைச்சு வச்சிருந்தேன். சித்தப்பாவுக்கு வந்தது எனக்கும் இருக்கலாம். உனக்கும் இருக்கலாம். தெரியலை. தெரியறவரைக்கும் நீ ஓடக்கூடாது."

அந்தப் பக்கம் ஒலிபெருக்கி மட்டும் கேட்டது. பிறகு, "அப்பா, உக்காந்துட்டேன்" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. "எனக்குப் பயமா இருக்கு. சீக்கிரம் வாங்க."

"இந்தா வந்துட்டேன்."

பையை அள்ளிக்கொண்டார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. மூன்று மாடி. மூன்றே முக்காலுக்கு ஒரு பஸ் உண்டு. விட்டால் அடுத்தது நாலரைக்கு. வராந்தாவில் பாய்ந்தார்.

"சார்!"

அந்த ஆய்வுக்கூடத்தில் மெஹருன்னிசா கத்தி யாரும் கேட்டதில்லை. வேதமுத்து படியின் விளிம்பில் நின்றார்.

கையில் கார் சாவியோடு அவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

"நீங்களும் ஓடாதீங்க."