ராஜாவின் இரண்டு செம்பு தண்ணீர்

கடலோரத்துக் கடம்பாபுரி உப்பு விளைவித்துப் பிழைத்த அந்தக் காலத்தில், உக்கிரமாறன் என்றொரு ராஜா அதை ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு யோசனை தோன்றினால் மாலைக்குள் அது சட்டமாகிவிட வேண்டும் அவருக்கு.

ஒருநாள் ராஜாவுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. முறுக்கைக் கண்ணால் பார்த்து ஏங்கினார். அரண்மனை வைத்தியர் வயித்தியலிங்கப் பண்டிதர் ஓலையும் கையுமாக ஓடி வந்தார்.

"மகாராஜா! வெள்ளிமலைச் சுனைத் தண்ணீர் குடிப்பவர்கள் எழுபது வயதிலும் கரும்பு கடிக்கிறார்கள். அந்தச் சுனையில் கிடக்கும் வெண்கல்லைப் பொடித்து நம் ஊருணியில் கலந்தால், ஊரே கரும்பு கடிக்கும்!"

"கலந்துவிடும்!" என்றார் ராஜா, கன்னத்தைப் பிடித்தபடி.

மந்திரி குழைக்காதர் அதிகம் பேசாதவர். அவையில் பாதிப் பேர் அவர் தூங்குவதாகவே நினைப்பார்கள். அவர் தலையை நிமிர்த்தினார்.

"பண்டிதரே, எத்தனை பொடி கலப்பீர்?"

"ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு செம்பு தண்ணீர் என்று கணக்கிட்டு."

"இரண்டு செம்பு யார் கணக்கு?"

"மகாராஜா குடிக்கும் அளவு! அரசர் அளவே ஆள் அளவு. மிஞ்சினால் பல்லில் புள்ளி விழும், நாளடைவில் முட்டி இறுகும். ஆனால் யார் மிஞ்சப் போகிறார்கள்?"

பண்டிதரின் யோசனை ஊருக்குள் முன்பே கசிந்திருந்தது. அன்று காலை, உப்பளத்தில் உப்பு வாரும் சுடலி கேட்டது குழைக்காதருக்கு நினைவுக்கு வந்தது. 'மந்திரியய்யா, எங்க குடத்துல என்னமோ போடப் போறாங்களாமே. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாகளா?' ஊருக்கு இருப்பது ஒரே ஊருணி. வேண்டாம் என்பவள் கடலையா குடிப்பாள்?

"மகாராஜா, கொஞ்சம் பொறுத்து..." என்று ஆரம்பித்தார்.

"ஜனங்களுக்குப் பல் இருப்பது மந்திரிக்குப் பிடிக்கவில்லை!" என்று பண்டிதர் குரல் கொடுத்தார். மந்திரியின் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

ராஜாவுக்குப் பல்வலியோடு கோபமும் சேர்ந்தது. "குழைக்காதரே, தேரோட்டம் முடிந்த மறுநாள் பொடி விழும். அதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. தப்பு என்றால் பேசாமல் காட்டும். காட்டாவிட்டால் மோதிரம் பண்டிதருக்கு. மூட்டையை ஊருணியில் நீரே கவிழ்க்க வேண்டும்!"

"உத்தரவு. ஒரே ஒரு விண்ணப்பம். வழக்கமாகத் தாங்கள் தேர்வடத்தை விரலால் தொடுவதோடு சரி. இம்முறை நான்கு வீதியும் இழுங்கள். தண்ணீர்ப் பந்தலில் பொடி கலந்த தண்ணீரை முதலில் தாங்களே குடியுங்கள். ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்."

"அப்படி வாரும் வழிக்கு!" என்று பண்டிதர் சிரித்தார். பந்தல் பானைகளுக்கான பொடியை அளந்து பொட்டலம் கட்டி அவரே கொடுத்தனுப்பினார்.

தேரன்று பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் வீதியில் ராஜாவின் கிரீடம் நழுவியது. இரண்டாம் வீதியில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். நான்காம் வீதி முடிந்ததும் வடத்தைப் போட்டுவிட்டுப் பந்தலுக்கே ஓடினார். அங்கே தண்ணீர் வார்த்தவள் சுடலி.

ஒரு செம்பு போயிற்று. இரண்டு போயிற்று.

"இன்னும் ஊற்று தாயே!"

பக்கத்தில் நின்ற பண்டிதர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். மூன்று. நான்கு. அவர் முகத்தில் சிரிப்பு வற்றியது. ஐந்து. ஆறு. கழுத்தில் வேர்வை ஓடியது. மந்திரி வாய் திறக்கவில்லை. ஏழாவது செம்பை ராஜா வாயருகே கொண்டுபோனதும் பண்டிதர் பாய்ந்து அதைப் பிடுங்கினார். தண்ணீர் முழுக்க ராஜாவின் தாடியில்!

"என்ன ஐயா இது! ராஜா குடிக்கிற தண்ணீரைப் பிடுங்குகிறீர்?"

"போதும் மகாராஜா! மூன்று நாள் மருந்து முக்கால் நாழிகையில் உள்ளே போய்விட்டது! இதற்கு மேல் ஆகாது!"

ராஜா பதறி மந்திரியைப் பார்த்தார். மந்திரி சுடலியைப் பார்த்தார். அவள் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். கட்டு அவிழ்க்கவே இல்லை.

"வெறுந்தண்ணிதான் ராசா. பயப்படாதீக."

ராஜாவுக்கு மூச்சு வந்தது. "பேசலாம் குழைக்காதரே."

"பேச என்ன இருக்கிறது மகாராஜா? ஒரு நாள் தேர் இழுத்த தங்களுக்கே ஏழாவது செம்பு வேண்டியிருந்தது. உப்பளத்தில் இவர்களுக்குத் தினமும் தேர். தங்கள் கையைப் பிடிக்கப் பண்டிதர் இருந்தார். இவர்கள் கையைப் பிடிக்க யார்?"

ராஜா தாடியைப் பிழிந்துகொண்டே சுடலியிடம் திரும்பினார். "உனக்கு இந்தப் பொடி வேண்டாமா அம்மா?"

"என் மவளுக்கும் பல்லு சொத்தைதான் ராசா. நல்லதுன்னா தனியாக் குடுங்க, அளவு சொல்லிக் குடுங்க, வாங்கிக்கிடுதேன். ஊருணியில போட்டுட்டா, தாகத்தோட நிக்கிற பிள்ளைகிட்டப் போதும்னு எப்படிச் சொல்லுவேன்?"

ராஜா அப்போதே பந்தலில் நின்று உத்தரவிட்டார். பொடி ஊருணியில் விழாது. வைத்தியசாலையில் தனிப் பானையில் இருக்கும். விரும்புகிறவர்கள் அளவு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மோதிரம் மந்திரி விரலிலேயே இருக்கும். இனி ஊருணியில் ஒரு துளசி இலை போடுவதென்றாலும் வீதி வீதியாகக் கேட்ட பிறகுதான். சுடலிக்குத் தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துப் போர்த்தினார்.

"பண்டிதரே, ஒரு மாதம் உப்பளத்தில் இவர்களோடு உப்பு வாரும். உச்சி வெயிலில் யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று அளந்து வாரும்."

முதல் நாள் மத்தியானத்துக்குள் பண்டிதர் தாமே ஒன்பது செம்பு குடித்திருந்தார். பத்தாவதற்குக் கை நீட்டியபோது, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த சுடலி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பண்டிதரே, நான் வந்து பிடுங்கட்டுமா?"