கன்னி மூலையில் ஒரு காற்றாடி

ஆறுமுகப் பெருமாளின் காற்றாடி சுற்றவில்லை.

அதுவும் ஆடி மாதத்தில். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்த காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போனது. தோளில் துண்டு நிற்கவில்லை. பைக்கில் போனவர்கள் குனிந்துகொண்டு போனார்கள். அவர் தோட்டத்துக் காற்றாடி மட்டும் இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது, வழி தெரியாதவன் போல முழித்தது. ரெண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிட்டது.

அவர் தாணம்மையைப் பார்க்கப் போனார்.

தாணம்மை குளத்தங்கரை மடத்தில் இருந்தாள். பெருமாளைவிடப் பத்து வயதாவது சின்னவள். லாரி ஓட்டுவதை விட்ட பிறகு அவர் அவளுக்குச் சீடரானார். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். பார்க்கிறவர்களுக்குத்தான் அது வேடிக்கை. அவர்கள் ரெண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை.

"அம்மா, காத்த நம்பலாமா?" என்றார்.

என்ன நடந்தது என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார்.

வீடு கட்டியாகிவிட்டது. கரண்ட் இல்லை. லைன் இழுக்க வேண்டுமானால் பக்கத்துத் தோட்டத்துக்குள் கம்பம் நட வேண்டும். அந்தத் தோட்டக்காரன் விடமாட்டேன் என்கிறான். காற்றுதான் இந்த அடி அடிக்கிறதே என்று காற்றாடி, பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் வாங்கி மாட்டினார். மனைவி பகவதி வடசேரியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். ஆவணி பிறந்ததும் வந்து பார்ப்பாள். லைட் எரிந்து மிக்சி ஓடினால் இங்கே இருப்பாள். இல்லையென்றால் தோட்டத்தை விற்றுவிட்டு அவரும் வடசேரிக்குப் போய்விட வேண்டும். மச்சினன் வீட்டு மாடியில் ஒரு அறை தயாராக இருக்கிறது. அதுதான் பேச்சு.

"மச்சினன் வீட்டு மாடியில நான் செத்துப்போவேம்மா."

தாணம்மை உள்ளே போய் ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். அடித்து வைத்த உளுந்து. தொலியும் தூசியும் அப்படியே கலந்து கிடந்தது. தூற்ற ஒரு சுளகையும் எடுத்துக்கொண்டாள்.

"உங்க தோட்டத்துக்குப் போவோம். அங்க வச்சு இதத் தூத்தித் தாங்க."

பெருமாளுக்கு எரிச்சல் வந்தது. கேட்டது கேள்வி, கிடைத்தது உளுந்து. ஆனாலும் மொபெட்டில் சாக்கை வைத்துக் கட்டினார்.

தோட்டத்தில் இறங்கியதும் சுளகில் உளுந்தை அள்ளினார். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று விறுவிறுவென்று நடந்தார். வீட்டைத் தாண்டிப் போய், தென்மேற்கு மூலையில் இருந்த பாறை மேட்டில் ஏறினார். கீழே ஒரு வெறும் சாக்கை விரித்தார். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, சுளகைத் தூக்கி மெல்லச் சரித்தார். தொலியெல்லாம் பறந்தது. உளுந்து மட்டும் சாக்கில் விழுந்தது.

"அங்க ஏன் போனீங்க?" என்றாள் தாணம்மை.

"காத்து இங்கதானம்மா வருது."

அவள் காற்றாடி நின்ற வடமேற்கு மூலையைக் காட்டினாள். "அங்க போய்த் தூத்துங்களேன்."

"அங்கயா? புளியமரம்லா மறிக்கி. அங்க தூத்துனா எல்லாம் மூஞ்சியிலதான் அடிக்கும்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். சுளகு கையில் அப்படியே நின்றது.

"பிறகு காத்தாடிய மட்டும் ஏன் அங்க நட்டீங்க?"

வாஸ்து பார்க்கிறவர் சொன்னாராம். வடமேற்குதான் வாயு மூலை, காற்றுக்கு உரிய மூலை. காற்றாடியை வேறு எங்கே நடுவது என்று கேட்டாராம். சுத்த மடத்தனம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். பெருமாள் லாரியில் நாடு பூராவும் சுற்றியவர். அவரும் தலையாட்டிவிட்டு நட்டார்.

"கம்பத்தப் பிடுங்கி இங்க நடுங்க" என்றாள்.

பெருமாளுக்கு முகம் செத்துவிட்டது. அவர் நின்றது கன்னி மூலை. வீட்டு மனையில் எங்கே தோண்டினாலும் கன்னி மூலையில் தோண்டக் கூடாது.

"இங்க குழி எடுத்தா குடும்பம் சிதறிரும்னு சொல்லுதாவம்மா."

"குடும்பம் இப்ப எங்க இருக்கு?"

"வடசேரியில."

தாணம்மை உளுந்தைச் சாக்கில் அள்ளிக் கட்டினாள்.

மறுநாள் காலையில் பெருமாள் கடப்பாரையை எடுத்தார்.

கம்பம் மாறிய அன்றைக்கே காற்றாடி பிடித்துக்கொண்டது. இதழ் தனித்தனியாகத் தெரியாத சுற்று. பேட்டரி நிறைந்தது. பெருமாள் பட்டப்பகலில் எல்லா லைட்டையும் போட்டுவிட்டு வெளியே வந்து நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய் அணைத்தார். பிறகு மறுபடியும் போட்டார்.

ஆவணியில் பகவதி வந்தாள். தம்பி பூதலிங்கம் வேன் ஓட்டிக்கொண்டு வந்தான். மிக்சியும் கிரைண்டரும் பாத்திரங்களும் வேனில் இருந்தன. மிக்சி மட்டும்தான் இறங்கியது. மற்றதெல்லாம் பார்த்துவிட்டு என்று பகவதி சொல்லிவிட்டாள். பெருமாள் கெஞ்சிக் கேட்டதால் தாணம்மையும் வந்திருந்தாள்.

பூதலிங்கம் வந்ததிலிருந்தே குற்றம் தேடினான். கம்பத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம்.

"பாத்தியாக்கா, அத்தான் கன்னி மூலையில குழி தோண்டியிருக்காரு."

"குழி எங்கல இருக்கு? கம்பம்லா நிக்கி" என்றாள் பகவதி.

அவள் தேங்காய்ச் சில்லைப் போட்டு மிக்சியைத் திருகினாள். அரைத்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். மைய அரைந்திருந்தது. வெளியே வந்து காற்றாடியை அண்ணாந்து பார்த்தாள். காற்று நின்றால் என்ன ஆகும் என்று புருஷனைக் கேட்டாள். நிற்கவே நிற்காது, வருஷம் பூராவும் இப்படித்தான் அடிக்கும் என்றார் அவர். பொய். அந்த ஊர்க் காற்றைப் பற்றி அந்த ஊரிலேயே நின்று சொன்ன பொய்.

பகவதி தாணம்மையின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. ஐப்பசிக்கு மேல காத்து விழுந்துரும். அப்ப என்ன செய்ய?"

பெருமாள் தாணம்மையைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்த யாரும் ஒரு சின்னப் பொய்யாவது சொல்லியிருப்பார்கள்.

"பேட்டரி இருக்கு. காத்து இல்லாமலே ரெண்டு நாள் ஓடும்" என்றாள் தாணம்மை.

"மூணாவது நாள்?"

"மூணாவது நாள் மிக்சி ஓடாது."

பூதலிங்கம் சிரித்தான். சாவியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே, வண்டியில் ஏறு போவோம் என்றான். பெருமாள் தரையைப் பார்த்தார்.

பகவதி அசையவில்லை. "பிறகு?"

"பிறகு காத்து வரும். ஓடும்."

காற்று பகவதியின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப காத்து அடிக்கிற அன்னைக்கே மாவ ஆட்டி, மசாலாவ அரைச்சு வச்சிரணும்" என்றாள். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை. பிறகு தம்பியைப் பார்த்தாள். "நின்னு சிரிக்காதல. கிரைண்டர எறக்கு."

அவன் இறக்கினான். வேறு வழி? பாத்திரங்களையும் இறக்கி வைத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, வெறும் வேனை எடுத்துக்கொண்டு போனான்.

பெருமாள் தாணம்மையை மடத்தில் விட மொபெட்டை எடுத்தார். ரெண்டு தடவை உதைத்தும் வண்டி கிளம்பவில்லை. அப்படியே காலை ஊன்றிக்கொண்டு திரும்பினார்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க? அவ வண்டியில ஏறிப் போயிருந்தா?"

"மூணாவது நாள் போறவுக, இன்னைக்கே போகட்டும்னுதான் அண்ணாச்சி."