நிலைமொழியும் வருமொழியும்

“வெள்ளாட்டு ஊனுக்குக் கருந்திராட்சை மது வார்த்தேன். நெய்யில் பொரித்த காடைக்குப் பழைய நெல்மது வார்த்தேன். இரண்டும் திரும்பி வந்துவிட்டன, அம்மையே. எங்கே பிழைத்தேன்?”

அரண்மனை அடுக்களையின் தலைமை மடையன் அழிசி மூச்சிரைக்க நின்றான். நரைத்த மீசையில் வியர்வை வழிந்தது.

மதுச்சாலைக்கு உரியவள் எயினி. அவனைவிட வயதில் இளையவள். எந்த ஊனுக்கு எந்த மது பொருந்தும் என்பதை அவளிடமே அவன் கற்றான். இலக்கணம் பயின்றவள் ஆதலால், மதுவைப் பற்றிக் கேட்டாலும் சொல்லைப் பற்றியே விடை கூறுவாள்.

“ஏன் இப்படி நடுங்குகிறீர், அழிசியாரே?”

“விருந்துக்கு வந்திருப்பவர் பகைநாட்டுத் தலைவர் கடுங்கோடர். இன்று நம் கிண்ணத்தில் பருகினால் போர் நின்றுவிடும். பருகாமல் எழுந்தால் நாளை மீண்டும் முரசு அறைவார்கள்.”

அவன் குரல் தாழ்ந்தது.

“என் மகன் எல்லைப் பாசறையில் இருக்கிறான்.”

எயினி கையிலிருந்த சாடியைக் கீழே வைத்தாள்.

“அடுத்து என்ன படைக்கப் போகிறீர்?”

“மிளகிட்டு வாட்டிய வாத்து. அதற்குப் புளித்த மது வார்க்கட்டுமா, தேன் மது வார்க்கட்டுமா?”

“திரும்பி வந்த கிண்ணங்கள் எப்படி இருந்தன?”

“நிரம்பியபடியே இருந்தன. உதடு படவே இல்லை.”

“நாவில் படாத மது சுவையில் பிழைத்ததோ? மடையன் என்னும் பெயர் உமக்கு இரு பொருளிலும் பொருந்துகிறது.”

அழிசி திகைத்தான். பிறகு அவன் முகம் வெளிறியது.

“நஞ்சென்று அஞ்சுகிறாரா?”

“நேற்றுவரை அவர்மீது வேல் எறிந்தவர்கள் நாம்.”

“அப்படியானால் அவர் கிண்ணத்தில் முதலில் நானே பருகிக் காட்டுகிறேன்.”

“எச்சிலை விருந்தினருக்குக் கொடுப்பீரோ? அதற்கே வாளை உருவுவார்.”

“வேறு கிண்ணத்தில் பருகினால்?”

“நஞ்சைச் சாடியில் கலக்க வேண்டியதில்லை, கிண்ணத்தில் தடவினாலே போதும். அவர் குழந்தை அல்லர்.”

கூடத்திலிருந்து மணி ஒலித்தது. வாத்தைக் கேட்கிறார்கள்.

“அம்மையே, வழி சொல்லுங்கள்!”

“மரம், வேர். புணர்த்திச் சொல்லும்.”

“இப்போதா இலக்கணம்?”

“சொல்லும்.”

“மரவேர்.”

“கெட்ட எழுத்து எது?”

“மகர ஒற்று.”

“யாருடையது?”

“நிலைமொழியினுடையது. முன்பே நிற்கும் சொல்லினுடையது.”

“வந்த சொல் எதையேனும் இழந்ததோ?”

“இல்லை.”

எயினி தன் சாடிகளைத் துடைக்கத் திரும்பிவிட்டாள்.

மணி மீண்டும் ஒலித்தது. அழிசி கைக்கு அகப்பட்ட சாடியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

கூடத்துக்குள் நுழைந்தான். வேந்தன் தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடுங்கோடரின் வலக்கை இடையில் இருந்த வாளின்மேல் கிடந்தது.

அழிசி வாத்தைப் படைத்தான். கிண்ணத்தை நிரப்பினான்.

கடுங்கோடர் அதைத் தொடவில்லை.

“வயிறு நிறைந்துவிட்டது. விடைபெறுகிறேன்” என்று எழ முனைந்தார்.

வேந்தனின் கையன்றிப் பிறர் கையில் எதையும் ஏற்பதில்லை என்பது அவ்வரண்மனை மடையர்களின் நெறி. பகைவன் கையில் ஏற்பதை எவரும் எண்ணிப் பார்த்ததும் இல்லை.

அழிசி தலைப்பாகையை அவிழ்த்துத் தரையில் வைத்தான். கடுங்கோடரின் எதிரே மண்டியிட்டான். இரண்டு கைகளையும் குவித்து ஏந்தினான்.

“காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறேன், ஐயா. நா வறண்டுவிட்டது. உங்கள் கிண்ணத்திலிருந்து எனக்குச் சிறிது வார்த்தருள வேண்டும்.”

வேந்தனின் முகம் கறுத்தது. அமைச்சர் பாதி எழுந்துவிட்டார்.

“உன் வேந்தன் உனக்கு ஊற்றுவதில்லையோ?” என்றார் கடுங்கோடர்.

“இன்று உங்களிடம் இரக்கிறேன்.”

கடுங்கோடர் அவனுடைய கைகளைப் பார்த்தார். பிறகு அவனுடைய கண்களைப் பார்த்தார். வாளிலிருந்து கையை எடுத்தார். கிண்ணத்தைச் சாய்த்தார்.

அழிசி ஒரு சொட்டும் விடாமல் பருகினான். கைகளை விரித்துக் காட்டினான்.

கடுங்கோடர் நெடுநேரம் அவன் முகத்தையே நோக்கினார்.

பிறகு மீண்டும் நன்றாக அமர்ந்தார். வாத்தின் தொடையைப் பிய்த்து மென்றார். கிண்ணத்தில் எஞ்சியிருந்ததை ஒரே மூச்சில் குடித்தார்.

அவர் முகம் கோணியது.



“சீ! மிளகிட்ட வாத்துக்கு எவனாவது தேன் மது வார்ப்பானா? அடுத்த திங்கள் எங்கள் ஊருக்கு வா, மடையனே. எது பொருந்தும் என்று நான் காட்டுகிறேன்.”